பொறி உரைப்பதும் நாம் கேட்பதும்: பழுதுக் குறியெண்களின் சுருக்கமான வரலாறு

ஃபரீதாபாத்தின் புறநகர்ப் பட்டறை ஒன்றில் கடந்த குளிர்காலத்தில் ஒரு பழைய எக்ஸ்கவேட்டர் நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது உரிமையாளரின் கைக்கு வந்துவிட்ட பொறி அது. எஞ்சின் இயங்கியது, ஆனால் பாரத்தைத் தாங்கும் வலுவின்றி இயங்கியது. ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலிருந்த சிறு திரையில் மூன்று வரிகள் தெரிந்தன: 100–4, 102–4, 157–4. முதல் எண் எஞ்சின் எண்ணெய் அழுத்தத்தைக் குறிப்பது என்பதை யாரோ உரிமையாளரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் எண்ணெய் அழுத்த சென்சாரை இருமுறை மாற்றிவிட்டார். எண் மறையவில்லை. அடுத்ததாகக் கன்ட்ரோலரையே மாற்ற வேண்டும் என்று விற்பனையாளர் ஒருவர் கூறியிருந்தார். அதன் விலையோ அப்பொறி ஒரு பருவம் முழுதும் ஈட்டும் வாடகைக்கு நிகரானது. வங்கித் தவணை ஒருபுறம் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறைத் தொழிலின் கலைச்சொற்கள் குறித்த என் ஆய்வுக்காக அங்குச் சென்றிருந்தேன். மொழியியல் பயின்ற ஒருவருக்கு அம்மூன்று வரிகளும் வெறும் எண்களாகத் தோன்றவில்லை. மூன்று தொடர்களாகத் தோன்றின. அத்தொடர்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்துக்கு ஏறத்தாழ நாற்பதாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாமையின் விலை இரண்டு சென்சார்களாக அந்த உரிமையாளரின் கணக்கில் ஏற்கெனவே ஏறியிருந்தது.

இந்தியாவில் கட்டுமானப் பொறிகளின் காலம் குறியெண்களின் காலத்துக்கு முற்பட்டது. பெங்களூரில் பி.இ.எம்.எல். நிறுவனம் 1964இல் தொடங்கப்பட்டது. ஹரியானாவின் பல்லப்கரில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக ஜே.சி.பி. 1979இல் உற்பத்தியில் இறங்கியது. மண் தோண்டும் பொறியை நாம் 'ஜேசிபி' என்றும் 'பொக்லைன்' என்றும் அழைக்கிறோம். முன்னது ஆங்கிலேய நிறுவனத்தின் பெயர். பின்னது பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். தமிழில் மட்டுமன்றி இந்தி வழங்கும் பகுதிகளிலும் இவ்விரண்டும் பொதுப்பெயர்களாகிவிட்டன. நிறுவனத்தின் பெயர் பொருளின் பெயராக மாறுமளவுக்கு இப்பொறிகள் நம் அன்றாட வாழ்வில் கலந்துவிட்டன.

அத்தலைமுறைப் பொறிகளில் மின்சாரத்தின் பணி மிகக் குறைவு. பேட்டரி, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், விளக்குகள், எஞ்சினை நிறுத்தும் சாலினாய்டு, சில அளவுமானிகள் ஆகியவற்றோடு அது முடிந்துவிடும். டீசலை எப்போது, எவ்வளவு செலுத்துவது என்பதை முழுக்க இயந்திரவியல் முறையில் இயங்கும் பம்ப்பே தீர்மானித்தது. ஆகவே பழுதறிதல் புலன்களின் வேலையாக இருந்தது. புகையின் நிறம், எஞ்சினின் ஓசை, எண்ணெயின் மணம், கையில் படும் சூடு ஆகியவையே சான்றுகள். மின்பழுதுக்கு ஒரு சோதனை விளக்கு போதுமானது. பொறி தன்னைப் பற்றி எதையும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் எழவில்லை.

பொறிக்குப் பேச்சு வந்தது பழுதுபார்ப்பவரின் வசதிக்காக அன்று. காற்று மாசுச் சட்டங்களின் விளைவாகவே வந்தது. புகையைக் கட்டுப்படுத்த எரிபொருளைத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது. அத்துல்லியத்தை மின்னணுக் கட்டுப்பாடே தர முடிந்தது. கட்டுப்பாட்டுக் கருவியோ தனக்குத் தகவல் தரும் சென்சார்கள் நம்பத்தக்கவையா என்பதைத் தானே சோதித்தறிய வேண்டியிருந்தது. 1988ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து கார்கள் தம் பழுதுகளைத் தாமே கண்டறிந்து தெரிவிக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் விதித்தது. கனரக டீசல் எஞ்சின்களில் டெட்ராய்ட் டீசல் நிறுவனத்தின் மின்னணுக் கட்டுப்பாடு 1985இலேயே வணிகப் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. சாலையில் ஓடாத பொறிகளுக்கான மாசு விதிகள் அமெரிக்காவில் 1996 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது கட்டுமானப் பொறிகளும் அதே வழியில் சென்றன.

முதற்காலக் குறியெண்கள் மிக எளியவை. 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் சோதனை முனையை எர்த்துடன் இணைத்தால் எச்சரிக்கை விளக்கு கண்சிமிட்டும். ஒருமுறை மின்னி, சிறிது இடைவெளி விட்டு, இருமுறை மின்னினால் அது 12. எஞ்சின் சுழலவில்லை, சோதனை அமைப்பு நலமாக உள்ளது என்பதே அதன் பொருள். இவ்வாறு ஒவ்வோர் எண்ணும் ஒரு முழுச் செய்தியைச் சுமந்தது. எண்ணுக்குள் உறுப்புகள் இல்லை. ஒரு நிறுவனத்தின் பட்டியல் மற்றொரு நிறுவனத்துக்குப் பொருந்தவில்லை. மொழியியலில் கூறுவதாயின், பகுக்க இயலாத சொற்களின் தொகுதி மட்டுமே இருந்தது, தொடரியல் பிறந்திருக்கவில்லை.

தொடரியல் கனரக வாகனத் துறையில் பிறந்தது. ஒரு லாரியின் எஞ்சின் ஒரு நிறுவனத்துடையது, கியர்பெட்டி வேறொன்றுடையது, பிரேக் மூன்றாவதொன்றுடையது. இவை ஒன்றோடொன்று பேசப் பொதுமொழி தேவைப்பட்டது. எஸ்.ஏ.இ. எனப்படும் அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு 1980களில் வகுத்த ஜே1587 என்ற தரநிலை, பழுதுச் செய்தியை உறுப்புகளாகப் பிரித்தது. பேசும் கன்ட்ரோலர் எது என்பதற்கு ஓர் எண். எதைப் பற்றிப் பேசுகிறது என்பதற்கு ஓர் எண். அதற்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஓர் எண். இம்மூன்றாவது எண்ணே எஃப்.எம்.ஐ. எனப்படும் பழுது வகையெண். பின்னர் வந்த ஜே1939 தரநிலை இவ்வமைப்பை விரிவாக்கியது. அதில் பேசுபொருளைக் குறிக்கும் எஸ்.பி.என். 19 பிட்டுகளைக் கொண்டது. வகையெண் 5 பிட்டுகள். பழுது எத்தனை முறை தோன்றியது என்ற எண்ணிக்கைக்கு 7 பிட்டுகள். ஆக 5,24,288 பேசுபொருள்களுக்கும் 32 வகைகளுக்கும் இடமுண்டு. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1.67 கோடித் தொடர்கள் கிடைக்கும். ஆயினும் வாசிப்பவர் மனத்தில் கொள்ள வேண்டிய வகைகள் 32 மட்டுமே.

தமிழ் இலக்கணச் சொற்களில் எஸ்.பி.என். எழுவாய், எஃப்.எம்.ஐ. பயனிலை. 100 என்பது எண்ணெய் அழுத்தம், 102 என்பது எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தம், 157 என்பது எரிபொருள் ரெயிலின் அழுத்தம், 110 என்பது குளிர்நீரின் வெப்பம். பயனிலைகளுள் 0 என்பது அளவு மிகையானது, 1 என்பது அளவு குறைந்தது. 3 என்பது மின்னழுத்தம் மிகையானது, 4 என்பது மின்னழுத்தம் குறைந்தது. 5 என்பது மின்னோட்டம் குறைந்தது அல்லது சுற்று அறுந்தது.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 100–1 என்றால் எண்ணெய் அழுத்தம் உண்மையிலேயே குறைந்துவிட்டது. எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். 100–4 என்றால் எண்ணெயைப் பற்றி எதுவும் கூறப்படவில்லை. அதைப் பற்றிய செய்தியைக் கொண்டுவரும் கம்பியில் மின்னழுத்தம் குறைந்திருக்கிறது என்றே கூறப்படுகிறது. முன்னது உலகைப் பற்றிய கூற்று. பின்னது சாட்சியைப் பற்றிய கூற்று. எழுவாயை மட்டும் படித்துப் பயனிலையை விட்டுவிடுபவர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வார். அந்த உரிமையாளருக்கு நேர்ந்தது இதுவே.

கன்ட்ரோலரால் இவ்வேறுபாட்டை எவ்வாறு அறிய முடிகிறது? இதற்கான விடை ஆலைகளின் அளவீட்டு முறைகளில் உள்ளது. ஆலைகளில் ஓர் அளவை மின்னோட்டமாக அனுப்பும்போது 0 முதல் 20 மில்லிஆம்பியர் என்று கொள்ளாமல் 4 முதல் 20 என்று கொள்வார்கள். அளக்கப்படும் பொருள் சுழியாக இருக்கும்போதும் 4 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றுமே ஓடாவிட்டால் கம்பி அறுந்தது என்று பொருள். இதை உயிருள்ள சுழி என்பார்கள். கட்டுமானப் பொறியின் அழுத்த சென்சாரும் இதே நெறியைப் பின்பற்றுகிறது. அதற்கு 5 வோல்ட் வழங்கப்படுகிறது. ஆனால் அதன் விடை பொதுவாக 0.5 வோல்ட்டுக்கும் 4.5 வோல்ட்டுக்கும் இடையிலேயே அமையும். இரு முனைகளிலும் விடப்பட்ட அரை வோல்ட் இடைவெளி வீணானதன்று. மின்னழுத்தம் அதற்குள் விழுந்தால், அது அளவு அன்று, பழுது என்று கன்ட்ரோலர் முடிவு செய்கிறது.

இன்மையை ஒரு குறியாகக் கொள்ளும் சிந்தனை இந்திய இலக்கண மரபுக்குப் புதிதன்று. தோன்றாமையை லோபம் என்று பெயரிட்டு, அதற்கும் இலக்கணச் செயற்பாட்டை வழங்கியவர் பாணினி. ஒன்றுமில்லாமை ஒருவகை, இருக்க வேண்டியது இல்லாமை மற்றொரு வகை. இவ்வேறுபாட்டைக் காணும் அமைப்பே தன் பிழையைத் தானே அறிய வல்லது. இரு மரபுகளுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்ததாக நான் கூறவில்லை. ஒரே சிக்கலைச் சந்தித்தவர்கள் ஒத்த தீர்வைக் கண்டிருக்கிறார்கள் என்பதே என் கருத்து.

ஆனால் பயனிலையையும் சொல்லளவில் கொண்டுவிட முடியாது. குளிர்நீர் வெப்ப சென்சாரில் இரண்டே கம்பிகள் உண்டு. கன்ட்ரோலர் தனக்குள் இருக்கும் மின்தடை வழியாக 5 வோல்ட்டை அனுப்பும். சென்சார் அதை வெப்பத்துக்கேற்பக் கீழே இழுக்கும். கம்பி அறுந்துவிட்டால் இழுப்பதற்கு யாரும் இல்லை. மின்னழுத்தம் 5 வோல்ட்டுக்கு ஏறிவிடும். கன்ட்ரோலர் 110–3, அதாவது மின்னழுத்தம் மிகை என்று அறிவிக்கும். படிப்பவர் எங்கோ மிகையான மின்சாரம் கசிந்து சேர்கிறது என்று தேடுவார். உண்மையில் நேர்ந்ததோ ஓர் அறுந்த கம்பி, அல்லது கழன்ற கனெக்டர். கன்ட்ரோலர் தன் வாயிலில் கண்டதை மட்டுமே கூறுகிறது. வாயிலுக்கு வெளியே நடந்ததை அது காணவில்லை.

சைவ சித்தாந்த அளவையியல் காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளைப் பேசும். பழுதறிதலில் இம்மூன்றும் இடம்பெறுகின்றன. குறியெண் உரை, மல்டிமீட்டர் காட்டுவது காண்டல், இரண்டையும் சுற்று வரைபடத்தோடு பொருத்தி அடைவது கருதல். உரையை மட்டும் நம்பிப் பொருளை வாங்கினால் பணம் போகும். உரையைப் புறக்கணித்துவிட்டு நூற்றுக்கணக்கான கம்பிகளை ஒவ்வொன்றாக அளந்தால் காலம் போகும்.

மீண்டும் ஃபரீதாபாத் பட்டறைக்கு வருவோம். பையன்களால் 'உஸ்தாத்' என்று அழைக்கப்படும் முதிய மெக்கானிக் திரையை நெடுநேரம் பார்த்தார். அவர் முதலில் கேட்டது எந்த எண் உள்ளது என்பதையன்று. எந்த எண் இல்லை என்பதையே. 100, 102, 157 ஆகிய மூன்றும் அழுத்த சென்சார்கள். மூன்றிலும் பயனிலை 4. வெப்ப சென்சாரின் எண் 110 பட்டியலில் இல்லை. மூன்று சென்சார்கள் ஒரே நாளில் கெடுவது அரிது. மூன்றுக்கும் பொதுவானது ஒன்று கெடுவதே இயல்பு. அப்பொறியில் மூன்று அழுத்த சென்சார்களுக்கும் 5 வோல்ட் ஒரே வழியில் வருகிறது. வெப்ப சென்சாருக்கு அவ்வழி தேவையில்லை. ஆகவே அது தப்பியது. அவர் எண்ணெய் அழுத்த சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, 5 வோல்ட் இருக்க வேண்டிய முனையை அளந்தார். 0.3 வோல்ட் காட்டியது. பிற இரண்டு சென்சார்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார், அளவு மாறவில்லை. எனவே குற்றவாளி சென்சார் எதுவும் அன்று, கம்பியே. ஹார்னஸைக் கையால் தடவிக்கொண்டே சென்றவர், எஞ்சினின் பின்புறம் ஓர் இரும்புத் தாங்கியில் உராய்ந்து உறை தேய்ந்த இடத்தில் நின்றார். 5 வோல்ட் கம்பி தாங்கியைத் தொட்டு எர்த்துடன் கலந்துகொண்டிருந்தது. கம்பியைச் சீராக்கி, உறையிட்டு, தாங்கியிலிருந்து விலக்கிக் கட்டியதும் மூன்று வரிகளும் மறைந்தன. கன்ட்ரோலர் மாற்றப்படவில்லை.

உஸ்தாத் ஜே1939 ஆவணத்தைப் படித்தவர் அல்லர். இந்தியிலோ ஹரியாணவியிலோ அது கிடைப்பதும் இல்லை. ஆயினும் எழுவாய் வேறுபட்டுப் பயனிலை ஒன்றாக இருப்பின் பொதுக்காரணத்தைத் தேடு என்ற விதியை அவர் கையனுபவத்தால் வந்தடைந்திருக்கிறார். வேறுபாடுகளையும் ஒற்றுமைகளையும் அட்டவணையிட்டு விதி காணும் மொழியியலாளரின் செயலும் இதுவே.

வரலாற்றின் அடுத்த கட்டம் வலைப்பின்னல். பாஷ் நிறுவனம் 1983இல் தொடங்கி 1986இல் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்திய கேன் என்ற தொடர்பு முறையின்மேல்தான் ஜே1939 இயங்குகிறது. முறுக்கிய இரு கம்பிகளில் எல்லாக் கன்ட்ரோலர்களும் பேசுகின்றன. இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை உண்டு. ஆகவே பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை துண்டிக்கப்பட்டுள்ளது. சுழிக்கு அருகில் காட்டினால் இரு கம்பிகளும் ஒட்டிக்கொண்டுள்ளன. பழைய பொறிகளில் ஒரே நேரத்தில் பல கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று காணவில்லை என்று முறையிடும்போது, முதலில் செய்யத்தக்கது இந்த ஒரு நிமிட அளவீடே. யாரும் கெடவில்லை, பேசும் வழி கெட்டுள்ளது என்பது பெரும்பாலும் தெரியவரும்.

பழைய பொறியை வாங்குவோர் அறிய வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. ஜே1939 நிகழ்கின்ற பழுதுகளையும் நிகழ்ந்து முடிந்த பழுதுகளையும் தனித்தனியே வைத்திருக்கிறது. முன்னது டி.எம்.1, பின்னது டி.எம்.2. இரண்டாவது பட்டியல் பொறியின் ஆவணக்காப்பகம் எனத்தக்கது. ஆனால் இரண்டையும் அழிக்கும் கட்டளைகளும் அதே தரநிலையில் உள்ளன. விற்பனைக்கு முந்தைய நாள் அழிக்கப்பட்ட ஆவணம் தூய்மையான பொறியைக் காட்டாது. வரலாறு இல்லாத பொறியைக் காட்டும். பல ஆயிரம் மணிநேரம் உழைத்த ஒரு பொறியின் நினைவில் ஒரு பழுதும் இல்லையெனில், அம்மௌனத்தையே சான்றாகக் கொண்டு, பொறியை முழுப் பாரத்தில் நெடுநேரம் இயக்கிப் பார்த்தபின் மீண்டும் படிக்க வேண்டும். ஆவணக்காப்பகங்களில் பணியாற்றும் வரலாற்று மாணவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று.

இவையனைத்தும் இந்தியாவில் இன்று அவசரமான செய்திகளாகியுள்ளன. சக்கரமுள்ள கட்டுமான வாகனங்களுக்கு மூன்றாம் நிலை மாசு விதி 2011 ஏப்ரலிலும், நான்காம் நிலை 2021 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. மூன்றாம் நிலையில் இயந்திரவியல் பம்ப்புடன் தப்பிய பொறிகள் பல உண்டு; நான்காம் நிலைக்குப்பின் மின்னணுக் கட்டுப்பாடு பெருவழக்காகிவிட்டது. அவ்வாண்டுகளில் விற்ற பொறிகள் இப்போது இரண்டாம், மூன்றாம் உரிமையாளர்களை அடைந்துகொண்டிருக்கின்றன. அவை உத்தரவாதக் காலத்தைக் கடந்து, நிறுவனப் பட்டறைகளிலிருந்து நீங்கி, சாலையோரப் பட்டறைகளுக்கு வருகின்றன. காதாலும் கையாலும் கற்ற ஒரு தலைமுறை, படித்தறிய வேண்டிய பொறிகளை எதிர்கொள்கிறது.

அங்கு மொழி ஒரு சொத்தாகவும் மாறுகிறது. ஜே1939 பொதுத்தரநிலைதான், ஆனால் எஸ்.பி.என். வரிசையின் மேல்முனையில் சில ஆயிரம் எண்கள் நிறுவனங்களின் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் பொருளை நிறுவனமே அறியும். சில பழுதுகளை நீக்கவும், மாற்றிய உறுப்பைக் கன்ட்ரோலருக்கு அறிமுகப்படுத்தவும் நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். கார்கள் குறித்து இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ஒரு முக்கியமான ஆணையைப் பிறப்பித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதறி கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டிக்கு எதிரானது என்று கூறி, 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது பின்னர் மேல்முறையீடுகளுக்கு உள்ளானது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகியவற்றை முன்னுரிமைத் துறைகளாக அறிவித்தது. கட்டுமானப் பொறிகள் அப்பட்டியலில் தனித்துறையாக இடம்பெறவில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பை யாரும் தம் விருப்பப்படி முடக்கிவிடக் கூடாது என்ற நிறுவனங்களின் வாதத்தில் நியாயம் உண்டு. குறியெண்கள் பிறந்ததே அந்நோக்கத்துக்காகத்தான் என்பதை முன்னரே கண்டோம். ஆனால் பழுதைப் படிப்பதும் கட்டுப்பாட்டை முடக்குவதும் ஒன்றல்ல. படிக்கும் உரிமையை மறுத்தால் மக்கள் படிக்காமல் இருந்துவிடுவதில்லை, தவறாகப் படிப்பார்கள். தேவையற்ற சென்சார்களையும் கன்ட்ரோலர்களையும் வாங்குவார்கள். இறுதியில் விளக்கையே துண்டித்துவிடுவார்கள்.

மொழித்துறையினர் செய்யக்கூடிய சிறுபணி ஒன்று உண்டு என்று எண்ணுகிறேன். 32 பயனிலைகளுள் பட்டறையில் அடிக்கடி எதிர்ப்படுபவை பத்துப் பன்னிரண்டு மட்டுமே. அவற்றுக்கு இந்தியிலும் தமிழிலும் பிற மொழிகளிலும், பட்டறையில் ஏற்கெனவே வழங்கும் 'ஷார்ட்', 'ஓபன்', 'எர்த்' போன்ற சொற்களை விலக்காமல், தெளிவான விளக்கம் எழுதலாம். எண் எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை, அடுத்து எங்கே அளக்க வேண்டும் என்ற மூன்று வரிகள் போதும். ஒரு பக்கத்தில் அடங்கக்கூடிய இலக்கணம் அது. ஃபரீதாபாத்தில் இருமுறை வாங்கப்பட்ட அந்தச் சென்சார்களின் விலையைவிட அதை எழுதி அச்சிடும் செலவு மிகக் குறைவு. இத்துறையில் பணியாற்றும் நண்பர்கள் திருத்தங்களையும் தம் பகுதிப் பட்டறைகளில் வழங்கும் சொற்களையும் தெரிவித்தால் நன்றியுடன் ஏற்பேன்.